'இக்ரீஜஸ்' (egregious) என்ற ஆங்கிலச் சொல்: பொருள் என்ன, எங்கே எழுதலாம்?

#1 பதில்கடிதம்

வணக்கம். அலுவலகத்தில் ஒரு தணிக்கை அறிக்கையைத் தமிழில் சுருக்கித் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒரு வரியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். 'ஆன் இக்ரீஜஸ் லாப்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். லாப்ஸ் என்றால் கவனக்குறைவு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது, அது தெரியும். முன்னால் நிற்கும் பெயரடைதான் பிடிபடவில்லை.

அகராதியைப் புரட்டினால் 'மிக மோசமான' என்று ஒரு பொருள். அதே இடத்தில், பழைய வழக்கு என்ற குறிப்போடு, 'தலைசிறந்த' என்று இன்னொரு பொருள். ஒரே சொல் வசையாகவும் பாராட்டாகவும் இருந்தால் படிப்பவன் எதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. இதே கோப்பில் ஆங்கிலத்தில் ஒரு பதில் கடிதமும் நான்தான் வரைய வேண்டும். விவரங்களைத் தர வேண்டிய வேறொரு பிரிவு இழுத்தடித்ததுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். 'இக்ரீஜஸ் டிலே' என்று போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று தோன்றுகிறது. போடலாமா? உச்சரிப்பையும் சொல்லுங்கள். எக்ரீஜியஸா, எக்ரிகியஸா?

#2 அகராதிப்பூச்சி

இன்றைய ஆங்கிலத்தில் பொருள் ஒன்றே ஒன்றுதான்: கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமான. 'தலைசிறந்த' என்ற பொருள் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பழைய நூல்களைப் படிப்பவர்களுக்காகத்தான் அகராதி அதைச் சுமந்துகொண்டிருக்கிறது. மேலதிகாரியைப் பாராட்டுவதாக நினைத்து எழுதிவிடாதீர்கள்.

உச்சரிப்பு 'இக்ரீஜஸ்'. அழுத்தம் 'ரீ'யின் மேல்.

#3 சிவப்புமை

பூச்சி சொன்னது சரி, ஆனால் பாதிதான். 'மோசமான' என்று மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் நாளைக்கே 'இக்ரீஜஸ் வானிலை' என்று எழுதிவிடுவீர்கள். ஆங்கிலக் கையெழுத்துப் படிகளைத் திருத்துவது என் தொழில். இந்தச் சொல் தடம் புரளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரையும் குற்றம் சொல்ல முடியாத விஷயத்தின் தலையில் இதைக் கொண்டுபோய் வைப்பது.

யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய செயலோடுதான் இந்தப் பெயரடை ஒட்டும். எரர், வயலேஷன், அப்யூஸ், பிரீச், காண்டக்ட், இவைதான் இதன் வழக்கமான துணைகள்: பிழை, விதிமீறல், துஷ்பிரயோகம், நம்பிக்கை மீறல், நடத்தை. நிலநடுக்கம் எத்தனை வீடுகளை இடித்துப் போட்டாலும் அது இக்ரீஜஸ் ஆகாது. அந்த வீடுகளைப் பார்க்காமலே 'உறுதியானவை' என்று சான்றிதழில் கையெழுத்திட்டவரின் செயல் ஆகும். பல்வலி ஆகாது; வலிக்கிற பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினால் அது ஆகும்.

அடுத்தது அளவு. சாதாரணத் தப்புகளை வரிசையாக நிறுத்தினால் இது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் என்ற ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் 'தி மோஸ்ட் இக்ரீஜஸ் எக்ஸாம்பிள் ஆஃப்' என்ற தொடரை அடிக்கடி பார்க்கிறோம். பல மீறல்களைச் சொல்லி, அவற்றின் உச்சத்தைச் சுட்டும் இடம் அது. சின்னத் தப்புக்கு இதைப் போட்டால், தப்புச் செய்தவரை விட எழுதியவர் மேல்தான் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

பிறகு குரல். தீர்ப்புரை, தலையங்கம், விசாரணை அறிக்கை, காரமான நூல் மதிப்புரை: சொல்லின் வீடு இதுதான். பேச்சில் வந்தால் பெரும்பாலும் வேண்டுமென்றே ஊதிப் பெருக்கிச் சிரிக்க வைப்பதற்காக. 'அவருடைய கழுத்துப்பட்டை ஓர் இக்ரீஜஸ் குற்றம்' என்பது போல.

#4 பதில்கடிதம்

நன்றி அம்மா. புரிந்த மாதிரி இருக்கிறது. புரிந்ததா என்று பார்க்கச் சில வாக்கியங்கள் எழுதினேன். தயவு தாட்சண்யம் இல்லாமல் திருத்துங்கள்.

அ. ஹி மேட் ஆன் இக்ரீஜஸ் ஸ்பெல்லிங் மிஸ்டேக்.
ஆ. ஷி இஸ் ஆன் இக்ரீஜஸ் டீச்சர்.
இ. தி பேஷண்ட் வாஸ் இன் இக்ரீஜஸ் பெய்ன்.
ஈ. தி ரிப்போர்ட் இக்னோர்ஸ் தி மோஸ்ட் இக்ரீஜஸ் வயலேஷன்ஸ்.
உ. தி டிலே வாஸ் வெரி இக்ரீஜஸ்.

#5 சிவப்புமை

'ஈ' அச்சுக்கு அனுப்பலாம். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'அ'வில் இலக்கணம் சரி. கேள்வி கனத்தைப் பற்றியது. குறுஞ்செய்தியில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு இதைச் சொன்னால் கிண்டலாகத்தான் கேட்கும். நினைவுக் கல்வெட்டில் இறந்தவரின் பெயரையே தப்பாகச் செதுக்கியிருந்தால் கிண்டல் போய்விடும், சொல் பொருந்தும்.

'ஆ' வேண்டவே வேண்டாம். பழைய பிரிட்டிஷ் உரைநடையில் ஓர் ஆளின் பெயருக்கு முன்னால் இந்தச் சொல்லைப் போட்டு ஏளனம் செய்யும் வழக்கம் உண்டு. இன்றைக்கு ஆளை விட்டுவிட்டு ஆளின் செயலுக்கே போடுவது நல்லது. அதோடு, அவர் மோசமான ஆசிரியர் என்கிறீர்களா, பழைய பொருளில் தலைசிறந்தவர் என்கிறீர்களா என்று படிப்பவர் ஒரு கணம் திகைப்பார். அந்த ஆசிரியர் படித்துவிட்டால் உங்கள் பாடு.

'இ' தவறு. வலிக்கு யாரும் பொறுப்பில்லை. அங்கே வேண்டியது 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்', தாங்க முடியாத என்று பொருள்.

'உ'வில் 'வெரி' தொங்கிக்கொண்டிருக்கிறது. இலக்கணப் பிழை என்று அடிக்க மாட்டேன், ஆனால் 'மிக' என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'மோர்', 'மோஸ்ட்' வரலாம், ஒப்பீட்டுக்குத்தானே பிறந்த சொல். 'பர்ட்டிகுலர்லி இக்ரீஜஸ்' என்றும் நிறைய எழுதுகிறார்கள். 'வெரி' வந்தால் சொல் மெலிகிறது.

#6 வேர்தேடி

முதல் பதிவில் கேட்ட நல்ல கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பாராட்டு எப்படி வசையானது?

லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. முன்னொட்டு 'வெளியே' என்பதைக் குறிக்கும். 'எக்ரேகியுஸ்' என்றால் மந்தையிலிருந்து பிரிந்து தனியாகத் தெரிவது. ரோமப் பேரரசில் அது வெறும் புகழ்ச்சியாக நிற்கவில்லை. ஒரு தரத்து அரசு அலுவலர்களுக்கு 'விர் எக்ரேகியுஸ்' என்பது முறையான பட்டமாகவே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வரும்போது இந்தப் பெருமையோடுதான் வந்தது. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கறை படிந்துவிட்டது.

ஷேக்ஸ்பியரிடம் இரண்டு நிலையும் தெரிகின்றன. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் பிஸ்டல் என்ற பாத்திரம் ஒரு பிரெஞ்சு வீரனைப் பிடித்து வைத்துக்கொண்டு 'இக்ரீஜஸ் ரான்சம்' கேட்கிறான். கொழுத்த மீட்புப் பணம் என்று பொருள். நல்லது கெட்டது என்ற சாயல் அங்கே இல்லை, அளவு மட்டும்தான். 'சிம்பெலின்' நாடகத்தின் இறுதியில் போஸ்துமஸ் தன்னைத் தானே 'இக்ரீஜஸ் மர்டரர்' என்று ஏசிக்கொள்கிறான். அங்கே இன்றைய பொருள் வந்துவிட்டது.

மந்தைக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள்: கூடி வாழும் இயல்பைச் சொல்லும் 'கிரிகேரியஸ்', வழிபாட்டுக்குக் கூடும் சபையான 'காங்ரிகேஷன்', பிரித்து வைப்பதான 'செக்ரிகேஷன்', ஒன்று திரட்டிய 'அக்ரிகேட்'. எல்லாவற்றிலும் மந்தையோடு சேர்வதோ பிரிவதோ இருக்கிறது.

#7 தென்றல்வாசி

நம்மிடமே இப்படி ஒன்று இருக்கிறதே! 'நாற்றம்'. குறள் 1274இல் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்துக்குத்தான் 'நாற்றம்' என்று பெயர். இன்றைக்கு ஒருவரிடம் 'உங்கள் வீட்டு மல்லிகை நாறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள்.

#8 எதிர்வாதி

அழகான உதாரணம், ஆனால் இந்த வழக்குக்குச் சாட்சியாக நிற்காது. நாற்றம் நல்ல மணம், கெட்ட மணம் இரண்டுக்கும் பொதுவாக இருந்து ஒரு பக்கம் சுருங்கிய சொல். இக்ரீஜஸ் பெருமைக்கு மட்டுமே இருந்து தலைகீழானது. அகராதியாளர்கள் அதற்குப் பெரும்பாலும் சொல்லும் காரணம் கிண்டல். உயர்ந்த பட்டத்தைத் தகாதவனுக்குச் சூட்டிச் சூட்டியே பட்டத்தின் நிறம் மாறிவிட்டது.

தமிழில் அதற்குச் சரியான இணை 'மகானுபாவர்', 'புண்ணியவான்'. 'எந்தப் புண்ணியவான் இந்தக் கோப்பை இங்கே வைத்தானோ' என்று சொல்லும்போது யாரும் புண்ணியத்தை நினைப்பதில்லை. நம்மிடம் பாராட்டும் பொருளும் உயிரோடு இருப்பதால் சொல் இன்னும் இரட்டை வாழ்க்கை வாழ்கிறது. ஆங்கிலத்தில் கிண்டல் மட்டும் மிஞ்சியது. பிறகு அது கிண்டல் என்பதும் மறந்துபோனது.

#9 தென்றல்வாசி

ஒப்புக்கொள்கிறேன், புண்ணியவானே.

#10 வளைபரப்பு

கணிதம் படிப்பவர்களுக்கு அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. கார்ல் ஃபிரடெரிக் காஸ் 1827இல் வளைபரப்புகளைப் பற்றி லத்தீனில் எழுதிய ஆய்வில் ஒரு முடிவுக்கு 'தியரேமா எக்ரேகியும்' என்று பெயர் வைத்தார். 'அருமையான தேற்றம்' என்று பொருள். ஒரு பரப்பின் வளைவை அறிய அதை விட்டு வெளியே வந்து பார்க்க வேண்டியதில்லை, பரப்பின் மேலேயே தூரங்களையும் கோணங்களையும் அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்பது சாரம். உருண்டையான புவியைத் தூரங்கள் கெடாமல் தட்டையான வரைபடமாக்க முடியாது என்பதற்கு அடிப்படை அதுதான்.

ஆங்கிலப் பாடநூல்களும் பெயரை லத்தீனிலேயே விட்டுவைத்திருக்கின்றன. 'இக்ரீஜஸ் தியரம்' என்று பெயர்த்திருந்தால் காஸ் ஏதோ அபத்தம் செய்துவிட்டார் என்றல்லவா ஆகியிருக்கும்? பெயர்த்துச் சொல்பவர்கள் 'ரிமார்க்கபிள்' என்கிறார்கள்.

#11 இருகரை

லத்தீன் வழிவந்த மற்ற மொழிகளில் பெருமை அப்படியே இருக்கிறது. இத்தாலிய மொழியில் முறையான கடிதம் 'எக்ரேஜோ' என்று தொடங்கலாம். 'மதிப்பிற்குரிய' என்று நாம் தொடங்குவதைப் போல. பிரேசில் நாட்டு வழக்கறிஞர்கள் மனுவில் நீதிமன்றத்தையே 'எக்ரேஜியு' என்ற அடைமொழியோடுதான் விளிக்கிறார்கள். உருவ ஒற்றுமையை நம்பி அதை ஆங்கிலத்தில் 'இக்ரீஜஸ் கோர்ட்' என்று பெயர்த்தால் அது நேரே நீதிமன்ற அவமதிப்பு.

#12 பதில்கடிதம்

இவ்வளவு சுவையான கதை இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் என் மேசையில் இருக்கும் வரிக்குத் திரும்புகிறேன். அறிக்கையின் வேறு பக்கங்களில் 'பிளேட்டண்ட்', 'ஃபிளேக்ரண்ட்' என்றும் வருகின்றன. மூன்றுக்கும் 'அப்பட்டமான' என்று போட்டுவிட்டு வேலையை முடித்துவிடலாமா?

#13 சட்டப்படி

முடித்துவிடாதீர்கள். அறிக்கை எழுதியவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் மூன்றும் மூன்று குற்றச்சாட்டுகள்.

கற்பனையாகச் சிலரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கூட்டத்தில் எழுந்து, 'இந்த விதி எனக்குத் தெரியும், நான் பின்பற்றப் போவதில்லை' என்று சொல்லிவிட்டு அப்படியே செய்கிறார். அது ஃபிளேக்ரண்ட், பகிரங்கமாக, அஞ்சாமல் மீறுவது. எரிவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. இன்னொருவர் கையில் மை காயாத ரசீதை வைத்துக்கொண்டு, 'இது போன வருடத்தது' என்கிறார். பார்த்த மாத்திரத்தில் பொய் என்று தெரிகிறது. அது பிளேட்டண்ட், மறைக்கக்கூட மெனக்கெடாதது. 1596இல் எட்மண்ட் ஸ்பென்சர் தன் நெடுங்காவியத்தில் ஊளையிடும் ஒரு விலங்குக்குச் சூட்டிய பெயராகத்தான் அந்தச் சொல் கிளம்பியது. பிறகு இரைச்சலிலிருந்து வெளிப்படைத்தன்மைக்கு நகர்ந்துவிட்டது.

மூன்றாமவர் ஓசைப்படாமல் பல ஆண்டுகள் இரட்டைக் கணக்கு எழுதுகிறார். தாள்களெல்லாம் ஒழுங்கு, கையெழுத்தெல்லாம் ஒழுங்கு, கூட்டத்தில் அவர்தான் விதிகளைப் பற்றி அதிகம் பேசுபவர். தற்செயலாக ஒருநாள் வெளியே வருகிறது. ஓய்வூதிய நிதி முழுவதும் காலி. இதில் பகிரங்கம் ஏதும் இல்லை, பார்த்தவுடன் தெரிவதும் இல்லை. ஆனால் இதைவிட இக்ரீஜஸ் ஆன செயல் வேறு இல்லை.

திருப்பியும் பாருங்கள். 'வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகைக்குக் கீழேயே, காவலர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார். பிளேட்டண்ட், சந்தேகமே இல்லை. ஃபிளேக்ரண்ட் என்றும் சொல்லலாம். இக்ரீஜஸ்? இல்லை. வண்டி நின்றதால் யாருக்கும் பெரிய கேடு வந்துவிடவில்லை.

சுருக்கமாக, மற்ற இரண்டும் தவறு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கின்றன. இக்ரீஜஸ் தவறு எவ்வளவு கொடியது என்பதைச் சொல்கிறது.

கூடவே 'கிராஸ்' என்பதையும் கவனியுங்கள். 'கிராஸ் நெக்ளிஜென்ஸ்', அதாவது கடும் அலட்சியம், சட்டத்தில் வரையறுக்கப்பட்ட தொடர். அழகுக்காக அதை மாற்றி 'இக்ரீஜஸ் நெக்ளிஜென்ஸ்' என்று எழுதினால் வேறு பொருள் தேடி எதிர்த்தரப்பு வரும். 'ஹேனஸ்' கொலை, சித்திரவதை போன்ற கொடூரங்களுக்கு உரியது. அதைக் கணக்கு வழக்குக்குக் கொண்டுவர வேண்டாம்.

#14 எதிர்வாதி

வகுப்பறையில் இப்படிக் கோடு கிழிக்கலாம். செய்தித்தாளில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

#15 சட்டப்படி

விழவில்லைதான். பெரும்பாலான பெருந்தவறுகள் பகிரங்கமாகவும் வெளிப்படையாகவும் இருந்துவிடுவதால் எதைப் போட்டாலும் பொருந்துகிறது. சிக்கல், பொருந்தாத இடத்தில்தான். நீதிமன்றத்தில் அந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. அமெரிக்காவில் கண்டுபிடிப்புக்கான காப்புரிமையை (பேட்டண்ட்) மீறியவரிடமிருந்து வசூலிக்கும் இழப்பீட்டை நீதிபதி மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். யாருக்கு உயர்த்துவது என்ற கேள்வி 2016இல் ஹேலோ எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த உயர்வு பொதுவாக 'இக்ரீஜஸ் கேசஸ்' என்று சொல்லத்தக்கவற்றுக்கே உரியது, வழக்கமான மீறல்களுக்கு அல்ல என்றது நீதிமன்றம். அங்கே இந்த ஒரு பெயரடைக்குள் போவதா வேண்டாமா என்பதில்தான் பெரும் பணம் நிற்கிறது.

#16 பதில்கடிதம்

சரி, மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும். 'பிளேட்டண்ட்' அப்பட்டமான, 'ஃபிளேக்ரண்ட்' பகிரங்கமான. 'இக்ரீஜஸ்' மட்டும் இழுக்கிறது. 'இமாலயத் தவறு' என்று போடலாமா? காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியதிலிருந்து நம்மிடம் நன்றாக ஊறிப்போன தொடர்தானே?

#17 எதிர்வாதி

அந்தத் தொடர் மலை அளவு பெரிய தப்புக்கணக்கைச் சொல்வது. அதில் ஒரு பரிவு ஒட்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்து பிசகிப்போனது என்று தோன்றும். தணிக்கையாளருக்கு அந்தப் பரிவு இல்லை. போடாதீர்கள்.

#18 கரையோரம்

இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'பாரதூரமான' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. பாரதூரமான குற்றம், பாரதூரமான விதிமீறல் என்று எழுதுவோம். கனம், பின்விளைவு, கண்டனம் மூன்றும் அதில் இருக்கின்றன. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை.

#19 சிவப்புமை

கரையோரம் கொடுத்தது அருமையான சொல், எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் தம்பியின் அறிக்கையைப் படிக்கப் போகிறவர்கள் அதற்குப் பழகியவர்களா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பழகாதவர்கள் ஏதோ தூரத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடக்கூடும்.

ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 'சாதாரணத் தவறாகக் கருத முடியாத, மிகக் கடுமையான கவனக்குறைவு' என்று எழுதுங்கள். மந்தையிலிருந்து பிரிந்து நிற்பது முன்பாதியில் வந்துவிடுகிறது, கண்டனம் பின்பாதியில். 'படுமோசமான' வேண்டாம், அது உணவு விடுதி விமர்சனத்துக்கு ஆகும், தணிக்கைக்கு ஆகாது.

#20 பதில்கடிதம்

எங்கள் அலுவலகத்தில் 'பாரதூரமான' செல்லாது என்றே நினைக்கிறேன். உங்கள் தொடரை எடுத்துக்கொள்கிறேன் அம்மா.

இனி கடிதம். வரைவு ஆங்கிலத்தில் இப்படி இருக்கிறது, கருத்தைத் தமிழில் தருகிறேன்: 'குறிப்பிட்ட பிரிவின் இக்ரீஜஸ் தாமதமும் இக்ரீஜஸ் அலட்சியமும் காரணமாகவே விவரங்களை உரிய காலத்தில் ஒப்பிட இயலவில்லை.' மூன்று முறை நினைவூட்டினோம், பதிலே இல்லை. தாமதத்துக்கு ஓர் ஆள் பொறுப்பு; அளவும் பெரிது. நீங்கள் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன அல்லவா?

#21 சிவப்புமை

நிறைவேறுகின்றன. ஆனாலும் எடுத்துவிடுங்கள், இரண்டு இடத்திலும்.

இக்ரீஜஸ் ஒரு தீர்ப்பு. விசாரித்து முடித்தவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது. தணிக்கையாளர் அந்த நாற்காலியில் இருக்கிறார், அவர் எழுதலாம். நீங்கள் இன்னும் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு தரப்பு. ஒரு தரப்பு தன் எதிரியைப் பற்றி இந்தச் சொல்லை எடுத்தவுடன் படிப்பவர் சற்றுப் பின்வாங்கி, 'இவருக்கு என்ன இவ்வளவு கோபம்?' என்று யோசிக்கத் தொடங்குவார். நீங்கள் அவரைத் தாமதத்தைப் பற்றி யோசிக்க வைக்க வேண்டும், உங்கள் கோபத்தைப் பற்றி அல்ல.

அதோடு, ஒரே வாக்கியத்தில் இருமுறை வந்தால் எதுதான் மந்தையிலிருந்து பிரிந்து நிற்கிறது? இதுவே ஒரு மந்தையாகிவிட்டது.

நினைவூட்டல் அனுப்பிய மூன்று தேதிகளையும் வரிசையாகப் போடுங்கள். கீழே, 'இவற்றுக்கு இன்றுவரை பதில் இல்லை' என்று ஒரு வரி. பெயரடை வேண்டியே தீரும் என்றால் 'அன்எக்ஸ்பிளெயின்ட் டிலே'. காரணம் சொல்லப்படாத தாமதம். மிருதுவாகத்தான் கேட்கும், ஆனால் அந்தப் பிரிவு உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதியே ஆக வேண்டும். இக்ரீஜஸ் என்று திட்டினால் அவர்கள் உங்கள் தொனியைப் பற்றிப் புகார் எழுதித் தப்பித்துக்கொள்வார்கள்.

#22 எதிர்வாதி

அப்படியானால் எந்தத் தரப்பும் இதை எழுதவே கூடாதா? மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே. அவர்களும் ஒரு தரப்புதானே?

#23 சட்டப்படி

நல்ல மடக்கு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நல்ல அறிக்கையாக இருந்தால், சாட்சியம், தேதி, இடம், எண்ணிக்கை எல்லாம் முன்னால் வந்துவிடும். சொல் பின்னால்தான் வரும். படிப்பவர் ஏற்கெனவே அந்த முடிவுக்கு வந்திருப்பார், அறிக்கை அதற்குப் பெயர் மட்டும் வைக்கும். நானும் மனுக்களில் எழுதுவதுண்டு. உண்மைகளைச் சொல்லி முடித்த பிறகு, ஒரே ஒரு முறை. முதல் பத்தியிலேயே வந்தால் என் மூத்த வழக்கறிஞர் அடித்துவிடுவார்.

ஆகவே சிவப்புமை சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துவேன். தரப்பும் எழுதலாம், ஆதாரம் முன்னால் நிற்குமானால். தம்பியின் கடிதம் ஒரு பக்கத்துக் கடிதம். அதற்கு இடம் போதாது.

#24 சிவப்புமை

இந்தத் தளர்வுக்கு உடன்படுகிறேன். அலுவலகக் கடிதத்துக்கு மட்டும் தளர மாட்டேன்.

#25 பேச்சுப்பயிற்சி

உச்சரிப்பைப் பூச்சி ஒரு வரியில் முடித்துவிட்டார், ஆனால் பலரும் இடறுவது அங்கேதான். முடிவில் 'ஜி ஐ ஓ யு எஸ்' என்று எழுத்துகள் இருப்பதைப் பார்த்து 'ஜியஸ்' என்று இழுக்கிறார்கள். அந்த 'ஐ' தனியாக ஒலிப்பதில்லை; முன்னால் இருக்கும் எழுத்தை 'ஜ' ஆக்கிவிட்டு அடங்கிவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்த 'ரிலிஜஸ்', 'கன்டேஜஸ்' எல்லாம் இதே கதை. அவற்றைச் சரியாகச் சொல்பவர் இதையும் சரியாகச் சொல்லிவிடலாம். முதல் எழுத்து 'எ' அல்ல, குறுகிய 'இ'. எழுதும்போது அந்த ஒலிக்காத 'ஐ'யை விட்டுவிடாதீர்கள். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஏ' வராது, 'ஆன்' வரும்.

#26 பதில்கடிதம்

சுருக்கம் போய்விட்டது. மேலாளர் அந்தத் தொடரைப் படித்துவிட்டு, 'மூலத்தில் இவ்வளவு கடுமையாகவா இருக்கிறது?' என்று கேட்டார். ஆங்கில வரியைக் காட்டினேன். 'ஆமாம், இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். கடிதத்தில் தேதிகளும் 'அன்எக்ஸ்பிளெயின்ட் டிலே'யும் மட்டும் இருக்கின்றன.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இதன் வினையடை உண்டா? 'இக்ரீஜஸ்லி லாங்' என்று எங்கோ படித்த நினைவு.

#27 அகராதிப்பூச்சி

உண்டு. 'இக்ரீஜஸ்லி ராங்', 'இக்ரீஜஸ்லி அன்ஃபேர்' என்று குறையைச் சொல்லும் பெயரடைகளோடு இயல்பாக வரும். 'லாங்' தனியாக ஒரு குறை அல்ல, ஆனால் கூட்டமோ பேச்சோ அளவு மீறி நீண்டதைக் குத்திக்காட்ட எழுதுவார்கள். 'இக்ரீஜஸ்லி ஹேப்பி' என்பது மட்டும் வராது. 'இக்ரீஜஸ்னெஸ்' என்ற பெயர்ச்சொல்லும் அகராதியில் இருக்கிறது. சட்டக் கட்டுரை எழுதாதவரை உங்களுக்கு அது தேவைப்படாது.